நாலேகால் நாள் வருஷம்

1995 கடைசியில் நான் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் பயிற்சிப் பொறியாளர். ஆறு மாதப் பயிற்சி அந்த வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் காங்கேயத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே என் ஜாதகத்தை ஏற்கெனவே நாலு பேரிடம் கொடுத்திருந்தார்கள்.

அந்த வாரம் திங்கள் காலை பஸ்ஸில், வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் புதிய கிரகத்தைப் பற்றிச் செய்தி படித்தேன். ஒன்பது மணிக்கு என் மேசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: பெகாசஸ் மண்டலம், 51ஆம் எண் நட்சத்திரம். தூரம் ஐம்பது ஒளியாண்டு. எடை வியாழனில் பாதியாவது இருக்கும். வெப்பம் ஆயிரம் டிகிரிக்கு மேல். நட்சத்திரத்தை ஒரு சுற்றுச் சுற்ற நாலேகால் நாள், அதுதான் அங்கே ஒரு வருஷம். கிரகத்தை யாரும் பார்க்கவில்லை. நட்சத்திரம் லேசாக ஆடுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதன் கீழே நானாகச் சேர்த்தது: வானம் செங்கல் சூளை வாயின் நிறம்.

"ஏனுங்க அம்மணி, அப்ப அங்க நாலு நாளைக்கு ஒருக்கா தீபாவளிங்களா?" என்றார் நோட்டை எட்டிப் பார்த்த ஃபோர்மேன். "லீவு கேட்டே கம்பெனிய மூடிப்போடுவானுங்க."

கோபியிலிருந்து ஒரு மோட்டார் திரும்பி வந்திருந்தது. ஓடினால் அதிரும். பேரிங்கை இரண்டு முறை மாற்றியாயிற்று. சுற்றும் பாகமான ரோட்டாரைக் கழற்றி, மட்டமாகப் பதித்த இரண்டு கம்பிகள் மேல் விடுவது எங்கள் வழக்கம். கனமான பக்கம் உருண்டு கீழே வந்து நிற்கும். இது விட்ட இடத்திலேயே நின்றது, எந்தப் பக்கமும் கனம் கூடுதல் இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள என்னன்னு சொல்லுங்க. கையெழுத்த அப்பறம் பாக்கலாம்."

மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். நான்காம் நாள் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினேன். அந்த நட்சத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. கூடச் சுற்றுவதுதான் அதை ஆட்டுகிறது. எங்கள் ரோட்டாரோடு கூடச் சுற்றுவது எது? பின்மூடிக்குள் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றாடி. அது வெளிப் பட்டறையில் வார்த்து வருவது. ரோட்டாரைச் சரிபார்த்த பிறகுதான் அதை மாட்டுவோம்.

வெள்ளி காலை காற்றாடியோடு சேர்த்துக் கம்பிகள் மேல் விட்டேன். மெதுவாக உருண்டு நின்றது. திருப்பி வைத்தேன், மறுபடியும் அதே பக்கம். ஒரு இறக்கையின் அடியில் அலுமினியம் கட்டியாகத் தங்கியிருந்தது.

ஃபோர்மேன் குனிந்து பார்த்தார். "இத்தன வருசமா இதக் கழட்டி ஓரமா வெச்சுப்போட்டுத்தான் தேடியிருக்கறமுங்க."

அரத்தால் ராவிப் பூட்டி ஓட்டினோம். மோட்டார் மேல் அவர் வைத்த டீ டம்ளரில் அலை இல்லை.

அவர் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று. திங்கள் காலை ஒன்பது மணியிலிருந்து அந்தக் கிரகத்தில் ஒரு வருஷம் முடிந்திருந்தது.

"அங்க மழ பேயுமுங்களா அம்மணி?"

"தெரியலீங்கண்ணா."

நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன், கேள்விக்குறியோடு.