நான் குடிக்காத ஒரு போத்தல் தண்ணீர்

என் வயிற்றுவலியை வாப்பா நம்பவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். பத்து வயதுக்குள் கால் சுளுக்கு, காது இரைச்சல், கண் எரிவு என்று பாடசாலை நாட்களுக்கென்றே பல நோய்களைக் கண்டுபிடித்தவன் நான்.

“ஸ்கூலுக்குப் போகப் பஞ்சியில நடிக்கான்,” என்று சொல்லிவிட்டு, கடைத் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நோன்புப் பெருநாளன்று வட்டிலப்ப இனிப்பைத் தொடாமல் நான் சுருண்டு கிடந்தபோதுதான் உம்மா பயந்தார். அந்தளவுக்கு நடிக்க எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும்.

கொழும்பில் ஸ்கேன் பார்த்த டொக்டர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் சதையி என்று ஓர் உறுப்பு இருக்கிறது. பிறக்கும் முன்பே இணைந்திருக்க வேண்டிய அதன் இரண்டு குழாய்கள் எனக்கு இணையவில்லை. சமிபாட்டு நீர் சின்ன வாசலால் வெளியேற முடியாமல் தேங்க, சதையி வீங்குகிறது. வயிற்றை வெட்டத் தேவையில்லை. மயக்கிவிட்டு, கமரா பூட்டிய குழாயை வாய்வழியாக இறக்கி, அந்த வாசலை அகலமாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துவிடலாம்.

“அப்ப என்ட வகுத்துக்குள்ளயே வந்த பிழையா, டொக்டர்?” என்று உம்மா கேட்டார்.

“உங்கட பிழை இல்லம்மா.”

குறித்த நாள் காலையில் என் வாய்க்குள் எதுவும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உம்மாவோ ஊர் லெப்பை ஓதி ஊதித் தந்த தண்ணீரில் ஒரு கரண்டி வார்த்தார். ஓதின தண்ணீர் தண்ணீர்க் கணக்கில் சேராது என்பது அவர் எண்ணம்.

உள்ளே கொண்டுபோகும்போது மேசையில் அந்தக் கறுப்புக் குழாயைக் கண்டேன். என் உயரத்துக்கு இருந்தது.

“என்னவாச்சும் குடிச்சியா தம்பி?” என்று தாதி கேட்டார்.

“ஓம் மிஸ். உம்மா தண்ணி தந்த.”

“எவ்வளவு?”

“ஒரு போத்தல்.”

டொக்டர் வாசலில் நின்ற உம்மாவிடம் திரும்பினார். “மெய்யாம்மா?”

உம்மா என்னைப் பார்த்தார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் கைகளையும் பார்த்தார்.

“ஓம் டொக்டர்,” என்றார்.

நிறைந்த வயிற்றோடு மயக்கினால் தண்ணீர் சுவாசப்பைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும் என்று அங்கேயே ஏச்சு விழுந்தது. எல்லாம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. வெளியே வாப்பா தன் பங்குக்கு உம்மாவை ஏசினார்.

“உனக்கு மூளையிருக்கா புள்ள? ஒரு போத்தலா குடுப்ப?”

பின்னேரம் வலி மறுபடி வந்தது. உம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“நாளைக்குப் போவமா மனே?”

“ஓம்,” என்றேன். அந்த வலியில் குழாயே பரவாயில்லை என்று பட்டது.

மறுநாள் அழாமல் போனேன். குழாயை வைத்தார்கள். சில வாரங்களில் அதை எடுத்தும் விட்டார்கள். வலி திரும்ப வரவில்லை.

டொக்டர், தாதி, வாப்பா, ‘ஓம்’ சொன்ன உம்மா என்று நாலு பேரை ஒரே பொய்யில் ஏமாற்றிய பெருமையோடு ஊருக்கு வந்தேன். ஏமாந்தது மூன்று பேர்தான் என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.