மை தீர்ந்த ரீஃபில்

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் சார் பிரேயரில் குண்டைத் தூக்கிப் போட்டார். "இந்த வருசம் தாளெல்லாம் வேற பள்ளிக்கூடத்துல திருத்தப் போறாங்க. தலையில நம்பர் மட்டுந்தான் இருக்கணும். பிள்ளையார் சுழி, 786, சிலுவை எதுவும் கூடாது. தாளப் பாத்து இது ஆரு வூட்டுப் புள்ளைன்னு தெரியப்படாது."

கணக்கில் அதுவரை நான் தேறியதெல்லாம் பிள்ளையார் சுழியின் தயவில்தான். இந்த முறை தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதாக அப்பா வேறு சொல்லியிருந்தார். அம்மாவிடம் அழுதேன். "மனசுக்குள்ள நெனச்சுக்க, போதும்" என்றாள். மனசுக்குள் நினைத்ததைப் பிள்ளையார் கவனிக்காமல் விட்டுவிட்டால்?

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் ஜீனத்துக்கும் அதே கவலை. ரஃப் நோட்டில்கூட 786 போடாமல் அவள் தொடங்க மாட்டாள். வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். மை தீர்ந்த ரீஃபில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அழுத்தி எழுதினால் தாளில் பள்ளம் மட்டும் விழும்.

"சாருக்குத் தெரியாது. மேல இருக்கறவங்களுக்குத் தெரியும்."

"எங்க பிள்ளையாருக்குக் கண்ணு சின்னதுடி."

"அப்ப நல்லா அழுத்து."

கணக்குப் பரீட்சையன்று அவள் எனக்குப் பின் பெஞ்சில். சுழியை அழுத்திப் போட்டுவிட்டு, ரீஃபிலைப் பின்னால் நீட்டினேன். அவள் எழுதி முடிக்கும்போதே டீச்சர் வந்துவிட்டார்.

"என்ன கை மாறுது? எந்திரிங்கடி ரெண்டு பேரும்."

ரீஃபிலை உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். எழுதவில்லை. உள்ளே பிட்டு இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "எழுதாத ரீஃபில எதுக்குடி குடுத்த?" ஹெட்மாஸ்டரைக் கூப்பிட ஆள் போனது.

சார் வந்தார். நெற்றியில் வழக்கம்போலப் பட்டை விபூதி. எங்கள் தாள்கள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். என் தாளில் சுழி, அவள் தாளில் 786, இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அவ்வளவுதான், நாளையிலிருந்து ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சார் தாளை நேராக வைத்துப் பார்த்தார். மறுபடி சாய்த்தார். மறுபடி நேராக வைத்தார்.

"நேராப் பாத்தா ஒண்ணும் தெரியல டீச்சர். உக்காந்து எழுதுங்க, நேரம் போவுது."

மணி அடித்ததும் மைதானத்தில் நாங்கள் குதித்த குதி கொஞ்சமில்லை.

"சாமின்னதும் சாரு பயந்துட்டாருடி" என்றேன்.

"அதும் ரெண்டு பக்கத்துக்கும்ல பயப்படணும், பாவம்" என்றாள் ஜீனத்.

இருவரும் தேறினோம். ஒன்பதாவதோடு நான் படிப்பை விட்டதற்குக் கணக்கு காரணமில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கள் தாளைக் கையில் எடுக்கும்போது, இவள் நம்மவளா என்று ஒரு கணம்கூட யோசித்துவிடக் கூடாதே என்று விபூதி பூசிய அந்த மனிதர் பட்ட கவலை, என் கவலையைவிடப் பெரியது என்பது அன்றைக்கு எனக்கு எட்டவில்லை.