காட்டுப்பாக்கத்து மரங்கள் எவ்வளவு குடிக்கின்றன?

மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளப்பது என் தொழில். மரம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடும், அதை மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பாடு. கேட்டவருக்குப் பிடிக்காத அறிக்கை ஒன்றையாவது எழுதிக் கொடுத்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

ஈசிஜி

வெளிநாட்டுப் பனிக்காடுகளில் பல வருஷம் இதே வேலையைச் செய்துவிட்டு மண்ணூர்பேட்டைக்குத் திரும்பிய எனக்கு, இங்கே முதலில் கிடைத்த காடு காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் இருந்தது. மூடிப்போன தொழிற்சாலை நிலத்தில் தானாக வளர்ந்த ஒன்றரை ஏக்கர். வேம்பு, புங்கம், மருதம், நடுவில் யாரோ வைத்த நாலைந்து தேக்கு. கோடையானால் குடியிருப்பின் போர்வெல் வற்றுகிறது. மரங்கள்தான் உறிஞ்சுகின்றன என்று நான் அளந்து சொன்னால், மொத்தத்தையும் வெட்டி சிமெண்ட் போட்டு கார் நிறுத்துவது என்று சங்கம் தீர்மானம் எழுதித் தயாராக வைத்திருந்தது.

அடிமரத்தில் இரண்டு ஊசிகளைச் செருகுவோம். ஒன்று லேசாகச் சூடாகும். மேலே ஏறும் நீர் அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாகத் தூக்கிப் போகிறது என்று மற்றது சொல்லும். வெயில் படாமலிருக்க வெள்ளித்தாளைச் சுற்றி, ஒயரைப் பெட்டியில் சேர்ப்பேன். வாசல் கேட்டையும் செடிகளையும் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை பக்கத்தில் குந்தி, இதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா யக்கா, மரத்துக்கு ஈசிஜி எடுக்கிறியா? ரிசல்ட்டு சரியில்லன்னா ஆளைத் தூக்கிடுவாங்களாமே?"

மத்தியான மூடல்

கத்திரி வெயில் தொடங்கியதும் எல்லா மரத்திலும் உச்சிவேளையில் நீரோட்டம் படுத்துவிட்டது. பேட்டரியை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். மறுநாளும் அதே கதை. பிறகுதான் உறைத்தது: கருவி நன்றாகத்தான் இருந்தது, மரங்கள்தான் கடையைச் சாத்தியிருந்தன. காற்று சூடாக ஆக இலையிலிருந்து ஈரத்தை இன்னும் பலமாக இழுக்கும். வேரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது, இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் காற்றும் உள்ளே வராது, உணவும் தயாராகாது. தாகத்தை அடக்கிப் பட்டினி கிடக்கிறது அது. கோடை நீள நீள அந்தப் பட்டினியும் நீளும். புத்தகத்தில் பல தடவை படித்ததுதான். வேப்பமரத்தடியில் வியர்வை வழிய நின்றபோதுதான் கும்பிடத் தோன்றியது.

சங்கச் செயலாளர் முருகேசனுக்கு அப்படித் தோன்றவில்லை. கோவில்பட்டிக்காரர், மென்பொருள் கம்பெனியில் வேலை. வரைபடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் ரிப்பேர்னு நேராச் சொல்லிருங்க மேடம். மரம் வாயை மூடிக்கிச்சுன்னு ஜெனரல் பாடியில நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது?"

மருதமரத்தின் தேர்ச்சி

ஒரு வாரம் மருதமரம் மட்டும் அநியாயத்துக்குக் குடித்தது. அந்த வாரத்து அளவு ஒன்று போதும், காட்டுக்குக் கோடரி வர. போய்ப் பார்த்தால் அடியில் மண் சொதசொதவென்று இருக்கிறது. டேங்கர் லாரிக் குழாயில் ஒழுகுவதையெல்லாம் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து, தினமும் காலையில் அதற்கு மட்டும் ஊற்றியிருக்கிறார் ஏழுமலை. வாடிய மரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று நினைத்துவிட்டார்.

அந்த வாரத்து அளவுகளைத் தள்ளிவிட்டு, ஏன் தள்ளினேன் என்று முருகேசனிடமும் சொல்லி, ஏழுமலையைத் திட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். நான் திட்டலாம் என்று போனேன். ஏழுமலை பக்கெட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பரிச்சைக்குப் போற புள்ளைய வெறும் வயித்தோட அனுப்புவியா யக்கா நீ?"

விலை பார்க்க வந்தவர்

அறிக்கை வருவதற்கு முன்பே, பூந்தமல்லியில் மரக்கடை வைத்திருக்கும் கமால் பாயை விலை பார்க்க வரவழைத்துவிட்டார்கள். முந்தின வாரக் காற்றில் ஒரு தேக்கு சாய்ந்து கிடந்தது. அதன் அடியை அறுத்து, வெட்டுமுகத்தை ஈரத் துணியால் துடைத்தார் பாய். வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. நல்ல மழை பெய்த வருஷத்துக்கு விரல் அகலம். காய்ந்த வருஷத்துக்கு நூல் அகலம். வெளிப்பக்கம் வர வர நூல்களே அதிகம்.

என் கருவி ஒரு கோடையைத்தான் பார்த்திருக்கிறது. பாய் மரத்தின் ஆயுசு முழுவதையும் விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். விலை என்ன என்று கேட்ட முருகேசனுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்: "தண்ணி இல்லாத வருஷத்துலகூட ஒரு கோடு போட்டு வெச்சிருக்கு பாரும்மா. ஒரு வருஷம்கூட லீவு எடுக்கல!"

ஜெனரல் பாடி

கூட்டத்தில் எதையும் மறைக்கவில்லை. மரங்கள் குடிக்கும், மழைக்குப் பின் நன்றாகவே குடிக்கும் என்றேன். ஆனால் போர்வெல் வற்றிய அதே நாட்களில்தான் அவை இருப்பதிலேயே குறைவாகக் குடித்திருந்தன. வெயில் இப்படியே ஏறினால் சில மரங்கள் நாம் வெட்டாமலே செத்துப்போகும் என்றும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், "அப்ப தண்ணிய யாருதான் குடிச்சது?" என்றார்.

முருகேசன் பேனாவை எடுத்துத் தீர்மானத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தார்: "மரம் வெட்டுறத அடிச்சாச்சு. அடுத்தது, வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க... என்னங்க, மரத்தை வெட்டணும்னப்ப ரெண்டு கையையும் தூக்குனீங்க?"

இந்தத் தொழிலில் நான் ஊசி குத்துவதென்னவோ மரத்தில்தான், 'ஆ' என்ற சத்தம் மட்டும் எப்போதும் மாடியிலிருந்து வருகிறது.