வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போகிறார்கள்

எங்கள் திருமண நாளுக்கு வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பிய பரிசு, நெடுந்தீவில் ஒரு காட்டு விடுதியில் இரண்டு நாள் தங்கல். எங்களைக் கேட்காமலே பதிவு செய்துவிட்டாள். "அங்கே என்னென்ன எதிர்பார்க்கலாம்" என்று ஒரு பட்டியலும் என் தொலைபேசிக்கு வந்தது. பனையோலைக் குடில். மின்விசிறி இல்லை, கடற்காற்று உண்டு. குதிரைகள் வாசலுக்கு வரலாம். உள்ளூர்ச் சாப்பாடு. பூரண அமைதி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நாங்கள் இருப்பதும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில்தான்; கரம்பொனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதும் பனங்காடுதான். ஓலை வீட்டில் பிறந்து வளர்ந்து, ஆயுளில் பாதியைத் தபாற்கந்தோரில் முத்திரை குத்திக் கழித்து, ஒருவாறு கல்வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுக்கிற பாக்கியம் கிடைத்த பிறகு, திரும்பவும் ஓலைக்குக் கீழே போய்ப் படுக்கச் சொல்கிறாள். என் கணவரோ புதுச் சாரம் இரண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் புறப்படத் தயாராக நின்றார்.

"நீர் முணுமுணுக்காமல் வாரும். பிள்ளை ஆசையா அனுப்பினது," என்றார்.

மடத்துவெளி தாண்டிக் குறிகட்டுவான் துறை வரை பஸ். அங்கிருந்து அரிசி மூட்டைகள், காஸ் சிலிண்டர்கள், ஒரு மோட்டார் சைக்கிள், கத்துகிற கோழிக்குஞ்சுப் பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் படகு. நெடுந்தீவு இறங்குதுறையில் விடுதிக்காரர் காத்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பைச் சற்றுச் சாய்த்து நடந்தார். "வாங்கோ," என்றார். பைகளை வாங்கி ஓட்டோவில் வைத்தார். பிறகு விடுதி வரும்வரை வாய் திறக்கவில்லை.

அது எனக்கு உறுத்தியது. தீவுப்பகுதி ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் நிமிடத்தில் எந்த ஊர் என்று கேட்பார்கள். இரண்டாவது நிமிடத்தில் யாருடைய பிள்ளை, எங்கே கலியாணம் முடித்தது என்று துருவுவார்கள். மூன்றாவது நிமிடத்தில் எப்படியாவது ஒரு சொந்தம் அகப்பட்டுவிடும். இந்த மனிதர் எங்கள் ஊரைக்கூடக் கேட்கவில்லை. என்ன கர்வம் என்று நினைத்தேன்.

இடம் அழகுதான், அதை மறைக்கக் கூடாது. பனைகளுக்கு நடுவே இரண்டு குடில்கள், சுற்றிவரப் பவளக்கல் மதில், மதிலுக்கு அப்பால் பற்றைக்காடும் கடலும். குடிலுக்குள் தலையணை உறை கஞ்சி போட்டு விறைத்துக் கிடந்தது. சிறிது நேரத்தில் விடுதிக்காரரின் மனைவி தட்டில் இரண்டு கோப்பைகளுடன் வந்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ, அக்கா?"

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சனாங்கள்," என்றேன். பச்சைப் பொய். விடியற்காலைக்குப் பிறகு தொண்டையில் ஒரு துளி இறங்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் முதல் தரம் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் ஓம் என்றால் காணாததைக் கண்டவர்கள் போலாகிவிடும். அவர்கள் "சும்மா கொஞ்சம் குடியுங்கோ" என்பார்கள். நாங்கள் "ஏன் கரைச்சல் படுறியள்" என்போம். மூன்றாம் தரம் கோப்பையைக் கையில் திணித்துவிடுவார்கள். அதன் பிறகு குடிக்கலாம்.

"சரி அக்கா," என்று சொல்லிவிட்டு அவள் தட்டோடு திரும்பிப் போய்விட்டாள்.

இஞ்சி வாசம் மட்டும் குடிலுக்குள் நின்றது. கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மத்தியானம் மறுபடியும் வந்தாள். "சாப்பாடு கொண்டு வரட்டோ, அக்கா?" குசினிப் பக்கமிருந்து நண்டுக்கறி மணம் மூக்கைத் துளைத்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பழகின நாக்கு கேட்டால்தானே. "பசியில்லைப் பிள்ளை, பிறகு பாப்பம்," என்றேன். "சரி அக்கா." போய்விட்டாள். பிறகும் வரவில்லை.

"பிள்ளையார் கோயில் விரதமோ இண்டைக்கு?" என்று கேட்டார் கணவர்.

"அவள் ரெண்டாந்தரம் கேக்கேல்லை. நான் என்ன செய்ய?"

என் கைப்பையிலிருந்த அரைப் பக்கெற் பிஸ்கற்றை இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்றோம். மூன்று குதிரைகள் மதிலோரம் வந்து நின்று எங்களைப் பார்த்தன. பட்டியலில் சொன்னபடியே வந்திருந்தன. எனக்கு அவற்றை ரசிக்கிற மனநிலை இல்லை. வீடு திரும்பியதும் இந்த விடுதியைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும் என்று மனதுக்குள் வரிவரியாகக் கோர்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் எனக்கு எழுத்து நன்றாக வரும்.

நாலு மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுதுவதற்கு முன் நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று குசினிக்குப் போனேன். அங்கே அவள் பலகையில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். விடுதிக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். அடுப்படியில் சட்டிகள் வரிசையாக மூடியபடி இருந்தன. ஒன்றிலும் கை வைத்த அடையாளம் இல்லை.

"ஏன் பிள்ளை, நாங்கள் வந்தது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டேன். கொண்டுபோன கோபம் பாதியாகிவிட்டிருந்தது.

அவள் சட்டென்று எழுந்து கண்ணைத் துடைத்தாள். "நாங்கள்தான் அக்கா அதை உங்களைக் கேக்க வேணும். தேத்தண்ணியும் வேண்டாம் எண்டியள். சோறும் வேண்டாம் எண்டியள். எங்கட கையால சாப்பிட மாட்டியளாக்கும் எண்டு..."

மீதியை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தீவுப்பகுதியில் பிறந்த யாருக்கும் அது விளங்கும். சில வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர்களை என் சொந்தத்திலேயே எனக்குத் தெரியும். என்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக அவள் நினைத்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"ஐயோ, அதில்லைப் பிள்ளை! நீர் ரெண்டாந்தரம் கேட்டிருந்தால் சட்டியோட விழுங்கியிருப்பன். ஏன் கேக்கேல்லை?"

"கேக்கக் கூடாதாம், அக்கா," என்று சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களை அனுப்பும் முகவர் எழுதிக் கொடுத்த விதிகள். விருந்தினரிடம் ஊர், குடும்பம் விசாரிக்கக் கூடாது. பக்கத்தில் போய் இருந்து கதைக்கக் கூடாது. வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது.

விடுதிக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். "படகில விழுந்து எனக்கு இடுப்பு போச்சு, அக்கா. இனிக் கடலுக்குப் போக ஏலாது. இந்த ரெண்டு குடிலும்தான் எங்கட தொழில். முதன்முதல் வந்த ஆக்கள் நீங்கள்தான். நீங்கள் போகேக்க அந்த முகவர் உங்களுக்கு ஃபோன் எடுப்பார். நாங்கள் கரைச்சல் குடுத்தனாங்கள் எண்டு தெரிஞ்சால் இனி ஆக்களை அனுப்பமாட்டன் எண்டு சொன்னவர்."

நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த வரிகளை நினைத்து எனக்கே பயம் வந்தது. ஒரு பலகையை இழுத்துப் போட்டுக் குசினியிலேயே இருந்தேன். "பசி உயிர் போகுது. போடும்," என்றேன். என் வாழ்நாளில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நண்டுக்கறி, திருக்கை வறை, முருங்கையிலைச் சொதி. கணவரைக் கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை, மணம் பிடித்துத் தானாகவே வந்து சேர்ந்தார்.

முதல் கவளம் உள்ளே போனதுமே விதிகள் பறந்துவிட்டன. "எந்த ஊர், அக்கா?" என்று அவள் தொடங்கினாள். கரம்பொன் என்றதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய சின்னம்மா கலியாணம் முடித்தது கரம்பொனில், தேவாலயத்துக்குப் பின்வீதியில். நான் பதினைந்து வருடமாக மீன் வாங்குவது அந்தச் சின்னம்மாவிடம். "விளைமீனுக்கு எப்பவும் சண்டை பிடிக்கிற தபாற்கந்தோர் அக்கா நீங்களோ?" என்று அவள் கேட்க, என் கணவருக்குச் சிரித்துப் புரையேறியது.

அதற்குப் பிறகு அந்த விடுதியில் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று அமைதிதான். விடிந்ததும் தயிருடன் வந்து என் கட்டிலில் ஏறி இருந்தாள். மகளுக்கு ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்டாள். என் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். எங்களைப் பார்க்க அயல்வீட்டார் ஆறு பேர் வந்தார்கள். விடுதிக்காரர் என் கணவரைக் குதிரை காட்டக் கூட்டிப்போய், தான் விழுந்த கதையை மூன்று தரம் சொன்னாராம். "போதும்" என்ற சொல்லுக்கு அங்கே எந்த மதிப்பும் இருக்கவில்லை. நான் இவ்வளவு சந்தோசமாக இருந்து பல காலம்.

மூன்றாம் நாள் காலை விடுதிக்காரரும் மனைவியும் எங்களை வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தார்கள். மடியில் புட்டுப் பார்சலும் கருவாட்டுப் பொதியுமாக நான் படகுக்குக் காத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. முகவர்தான். அவள் என் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கினாள்.

"உங்களுக்கு ஏதும் கரைச்சல் குடுத்தவையோ, அம்மா? தேவையில்லாத கதை ஏதும் கேட்டவையோ?"

"சீச்சீ. முகத்தைக்கூட நிமிந்து பாக்கேல்லை," என்றேன். "எந்த ஊர் எண்டும் கேக்கேல்லை. வேண்டாம் எண்டால் அப்பிடியே எடுத்துக்கொண்டு போட்டினம். ரெண்டு நாளும் ஆக்கள் இருக்கினமோ எண்டே தெரியேல்லை."

ஒரு வீட்டைப் பற்றி இதைவிடக் கேவலமாக நான் ஒருபோதும் பேசியதில்லை. அதுவும் வீட்டுக்காரியை முன்னால் வைத்துக்கொண்டு. அவள் முகமோ வார்த்தைக்கு வார்த்தை மலர்ந்துகொண்டே போனது.

"நல்லம், அம்மா," என்றார் முகவர். "வாற கிழமைக்கு ரெண்டு குடும்பத்தை அனுப்புறன். எல்லாரோடையும் இதே மாதிரியே நடக்கச் சொல்லி அவையளுக்குச் சொல்லுறன்."

"என்னவாம், அக்கா?" என்று அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஆக்கள் வருகினமாம்," என்றேன். அவர் சொன்ன மற்றதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.