கஞ்சிக் கோடு

செவிலிமேட்டில் அரசு புதிதாகக் கட்டிக் கொடுத்த விளையாட்டுத் திடலில் வெள்ளையாகக் கோடு போட்டிருந்தார்கள். என் மகளையும் அவள் தோழிகளையும் கபடி ஆட அழைத்துப் போனேன். காவலாளி வாசலை மறித்தார். "சாயங்காலம் பசங்களுக்குத்தாம்மா. பொண்ணுங்க காலையில வரட்டும்."

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எங்கள் தெருவின் அரிசிக் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. என் சின்ன வயதில், விடிந்தும் விடியாமல் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைத் தறிக்கான பாவாக நீட்டிக் கஞ்சி போடுவோம். பாவு சுருட்டிய பிறகு மிச்சக் கஞ்சியால் கோடு கிழித்து, பெண்பிள்ளைகள் நாங்கள் கபடி ஆடுவோம். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர் கோட்டின் மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். "பொம்பளப் புள்ளைங்க தெருவுல குதிக்கிறதா?"

அம்மா கஞ்சிச் சட்டியோடு வந்தாள். "பாவு புடிக்க மட்டும் இதுங்க தெருவுல நின்னுக்கினு இருக்கலாமா மாமா? ஆடினாதான் உங்களுக்கு உறுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே, அழிந்த கோட்டை அவளே மறுபடி போட்டாள். பெரியவர் காலிக் குடத்தோடு உள்ளே போய்விட்டார்.

காவலாளியிடம் சொன்னேன். "காலையில இதுங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுப்பா. சர்க்கார் எல்லாருக்கும்தான கட்டிக் குடுத்திருக்குது? பசங்க பாதி எடுத்துக்கட்டும், பாதி எங்களுக்கு."

"மேல கேக்கணும்மா."

"கேளுப்பா. அதுவரைக்கும் நாங்க ஆடிக்கினு இருக்கோம்."