ரெங்கம்மாள் கையெழுத்துப் போடாத தீர்மானம்

வலங்கைமான் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், ரெங்கம்மாளைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கியதற்கு ஒரே காரணம், அவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று எல்லோரும் நம்பியதுதான். பெற்றோரில் ஒரு பெண்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. இவள் எட்டாவது வரை படித்தவள், காலனித் தெருக்காரி, நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கும். தலைமையாசிரியர் சாரங்கபாணி தீர்மான நோட்டை நகர்த்துவார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவள் வயலுக்குத் திரும்பிவிடுவாள். ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது.

மகன் தமிழ்மாறன் அதே பள்ளியில் பத்தாவது. தை அறுவடை முடிந்த சமயம், சோற்றைப் பிசைந்தவன் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டான். வாய் எரிகிறது என்றான். சூடு என்று நினைத்து அவள் மணத்தக்காளிக் கீரை சமைத்துப் போட்டாள். ஒரு வாரமாகியும் ஆறவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த பெண் டாக்டர் அவன் கீழுதட்டை மடக்கிப் பார்த்தார். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவளிடம் கேட்டார்.

“எத்தனை மாசமா வைக்கிறான்?”

“என்னத்தங்க?”

“சின்னப் பொட்டலம்மா. உள்ள புகையிலைத் தூள் இருக்கும். உதட்டுக்கு அடியில வச்சுக்கிட்டா மப்பா இருக்கும். அவன் உதடு உள்பக்கம் வெந்து போயிருக்கு. இந்த வாரம் ஒங்க பையன் நாலாவது ஆளு.”

பஸ் ஸ்டாப்பில் வைத்து மகனைக் கேட்டாள். அடிக்கவில்லை. அடித்தால் வாயை மூடிக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும்.

“எங்க வாங்குற?”

“சிங்காரவேலு கடையில.”

“கேட்டா குடுத்துடுவாரா?”

“நெல்லிக்கா இருக்கான்னு கேக்கணும். குடுப்பாரு.” அவனே மேலும் சொன்னான். “நான் மட்டும் இல்லம்மா. கிளாஸ்ல பாதிப் பேரு வைக்கிறாங்க. பாடம் நடக்கறப்பவே வைக்கிறாங்க.”

“சாருங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

அந்த ஒரு சொல்தான் அவளுக்கு நெஞ்சில் சிக்கியது. சிங்காரவேலு கடை பள்ளி வாசலுக்கு எதிர்ச்சாரியில் கொஞ்சம் தள்ளி இருந்தது. பள்ளிக்குக் குடிதண்ணீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ‘உபயம்’ என்று அதில் அவர் பெயரைச் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் அவர் கடையில் உதட்டைப் பொசுக்கிக்கொண்டு வந்து அவர் கொடுத்த தண்ணீரில் வாய் கொப்பளித்தார்கள். இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கூடம் நடந்தது.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு அவள் புருஷன் வீரையன் பெல்ட்டை உருவிக்கொண்டு வந்தான். மூட்டை தூக்குகிறவன். வேலை முடிந்ததும் குடிக்காமல் வீட்டுக்கு வந்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றும் குடித்திருந்தான். ரெங்கம்மாள் குறுக்கே நின்றாள்.

“தள்ளு. புள்ளைய வளத்திருக்கா பாரு.”

“நீ அடிக்காத. ஒன் வாயி நாறுது. அந்த வாயால அவனுக்குப் புத்தி சொல்லாத.”

பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. வீரையன் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவள் முன்னதாகவே போனாள். வராந்தா பெஞ்சில் ஆசியா உட்கார்ந்திருந்தாள். கணவன் அப்துல் ஜலீல் சவுதியில், தம்மாமில் டிரைவர். இவள் வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்கிறவள். டீச்சர் ஒருவர் கேட்டிருந்த சேலை கைப்பையில் இருந்தது. அதே பத்தாவதில் படிக்கும் அவளுடைய மகன் ஃபாஜில் தண்ணீர் பாட்டிலில் பீர் ஊற்றிக்கொண்டு வந்து இரண்டு பேரோடு சேர்ந்து குடித்து மாட்டியிருந்தான்.

“கூப்பிட்டு அனுப்பினாங்கக்கா. கையெழுத்துப் போடணுமாம்,” என்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

உள்ளே தீர்மானம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. மூன்று மாணவர்கள் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்கிறார்களாம். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

“இந்த நேரத்துல சான்றிதழக் குடுத்தா எங்க சார் போவாங்க?”

“பள்ளிக்கூடத்துப் பேரு இருக்குல்லம்மா. ரிசல்ட் வேற இருக்கு.” சாரங்கபாணி குரலைத் தணித்துக்கொண்டார். “டாக்டரம்மா எங்கிட்டயும் சொன்னாங்க. ஒங்க பையன் பேர நான் சேக்கல. நீங்க தலைவி இல்லையா?”

அவர் அதை ஓர் உதவியாகச் சொன்னார் என்பதுதான் ரெங்கம்மாளால் தாங்க முடியாமல் இருந்தது.

“சேருங்க சார். நாலு பேருன்னு எழுதுங்க. அப்புறம் அஞ்சாவதா சிங்காரவேலு பேரையும் எழுதுங்க. எம் புள்ள நெல்லிக்கான்னு கேட்டா அவரு எடுத்துக் குடுக்கறது என்னன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். சாரங்கபாணி அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஆதாரமில்லாம பேசக் கூடாதும்மா. பள்ளிக்கூடத்துலேருந்து நூறு கெஜத்துக்குள்ள இருந்தாத்தான் நாம கேக்க முடியும். அந்தக் கடை அதத் தாண்டி இருக்கு.”

“அளந்தீங்களா?”

ரெங்கம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

“ஆசியா, அந்தச் சேலை எத்தன கெஜம்?”

“ஆறு கெஜம்க்கா.”

“எடு.”

மத்தியானம் மூன்று மணி வெயிலில், பள்ளி வாசலில் ஒரு தலைப்பை ஆசியா பிடித்துக்கொண்டாள். மறு தலைப்பை இழுத்துக்கொண்டு ரெங்கம்மாள் நடந்தாள். சேலை விறைத்ததும் தரையில் கல்லை வைத்து அடையாளம் செய்தாள். மறுபடி அங்கிருந்து நீட்டினார்கள். ஜன்னல்களில் பிள்ளைகளின் தலைகள் நெருக்கியடித்தன. பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு நின்றது. குழுவில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒன்பது முறை முழுதாக நீட்டி, பத்தாவது முறை பாதிச் சேலையிலேயே கடை வந்துவிட்டது.

சிங்காரவேலு கல்லாவிலிருந்து எழுந்தார். “என்னம்மா கூத்து இது?”

“அம்பத்தேழு கெஜம்,” என்றாள் ரெங்கம்மாள். “நெல்லிக்கா இருக்கா?”

“பிள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியல. எங்கிட்ட வந்து நிக்கிற.”

“ஆமா, எனக்குத் தெரியல. எம் புள்ள வாயி வெந்து கிடந்தது எனக்குத் தெரியல. அது எந் தப்பு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சே பதினஞ்சு வயசுப் புள்ளைக்குக் குடுத்தீங்க. இது யாரு தப்பு?”

அவர் ஷட்டரை இறக்கினார்.

திரும்பி வந்து அவள் அந்தத் தீர்மானத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே தன் கையால் வேறொன்று எழுதினாள். எழுத்துகள் கோணலாக விழுந்தன. கடையை மூட வேண்டும், நான்கு பிள்ளைகளும் பரீட்சை எழுத வேண்டும், அவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள்.

திங்கட்கிழமை ரெங்கம்மாளும் ஆசியாவும் அதன் நகலை எடுத்துக்கொண்டு திருவாரூருக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார்கள். அந்த வாரமே அதிகாரிகள் வந்து பிஸ்கட் டின்களைக் கவிழ்த்துப் பார்த்துக் கடைக்குச் சீல் வைத்தார்கள். நான்கு பையன்களும் பரீட்சை எழுதினார்கள். ஃபாஜில் கணக்கில் தவறி, மறு தேர்வில் தேறினான்.

ரெங்கம்மாளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சிங்காரவேலுவின் மச்சான் தன் வயல் நடவுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஊரைக் காட்டிக் கொடுத்தவள் என்று பேசினார்கள். ஊர் என்றால் அந்தக் கடை மட்டும்தானா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அடுத்த தடவை ஆள் தேர்ந்தெடுத்தபோது அவளுக்குப் பதிலாக, கூட்டத்தில் வாய் திறக்காத வேறொரு தாய் தலைவியானாள்.

தமிழ்மாறன் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன்கள் அவனைக் கேலி செய்தார்கள். புண் ஆறியது. நடுவில் ஒருமுறை மறுபடி வைத்துப் பார்த்திருக்கிறான். அவனே டாக்டரிடம் சொல்லியிருக்கிறான், அவளிடம் சொல்லவில்லை. அது அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அம்மா, இப்ப பாலத்துக்கிட்ட அந்தப் பொட்டலத்த பைக்ல கொண்டாந்து தர்றாங்க. ஏழாவது படிக்கிறதுங்களுக்குக்கூட.”

ரெங்கம்மாள் கையைக் கழுவினாள்.

“வண்டி நம்பர் தெரியுமா?”

“தெரியும்.”

“எழுதிக் குடு,” என்று சொல்லிவிட்டு ஆசியாவுக்குப் போன் போட்டாள்.