பத்தாமிடம்

லவாலில் அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில், மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் அத்தானின் பேஸ்பால் லீக் கூடும். உண்மையான ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிந்து ஆளுக்கொரு கற்பனை அணி கட்டவேண்டும். அவர்கள் மைதானத்தில் விளையாடுவது எங்களுக்குப் புள்ளியாகும். ஒன்பது ஆண்கள். ஆள் குறைந்ததால் நான். எனக்கு பேஸ்பால் பைத்தியம் என்பது அவர்களுக்குத் தெரியாது, கேட்கவுமில்லை.

ஆள் எடுக்கும் வரிசையில் முதலாமிடம் எப்போதும் அத்தானுக்கு. "மச்சாள், உமக்குப் பத்தாமிடம். உம்மட முறை வர நேரமிருக்கு, எல்லாருக்கும் தேத்தண்ணி போடுமன்," என்றார்.

முதல் வருஷம் போட்டேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வரும். தட்டோடு இறங்கி வருவதற்குள் ஆளெடுக்க எனக்கிருந்த ஒரு நிமிஷம் முடிந்து, கணினியே எனக்கு ஆளைத் தெரிவுசெய்துவிட்டிருந்தது. தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, அந்த வருஷம் பந்தே எறியமுடியாமல் படுத்திருந்த பிட்சர், பந்தெறிகாரன். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷமும் திருவுளச்சீட்டுப் போடாமலே பத்தாமிடத்தைத் தந்தார்கள். சரியென்று வாங்கிக்கொண்டேன். அதற்கு முந்திய குளிர்காலம் முழுக்க, அஹுன்ட்சிக்கிலிருந்து வேலைக்குப் போகும் மெட்ரோவில் அந்த இடத்தைத்தான் படித்திருந்தேன். ஒரு சுற்றில் கடைசியாக எடுப்பவர் அடுத்த சுற்றில் முதலாவதாக எடுப்பார். ஆக, எனக்கு ஒரே மூச்சில் இரண்டு பேர்.

மூன்றாம் சுற்று முடிந்து நாலாவது தொடங்கும் இடத்தில், கடைசி இனிங்ஸில் மட்டும் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்களில் மிகத் திறமான இருவரையும் அள்ளினேன். அவ்வளவு சீக்கிரம் அந்த வகை ஆட்களை அங்கே யாரும் எடுத்ததில்லை. மற்றவர்கள் பதறி, மிச்சமிருந்த பிட்சர்களுக்கு அடிபட்டார்கள். நான் குறித்துவைத்திருந்த துடுப்பாட்டக்காரர்களை ஒருவரும் தொடவில்லை.

வரிசையின் மற்ற முனையில் இருந்த அத்தானும் பதற்றத்தோடு ஒரே மூச்சில் தன் இரண்டு பேரை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உமக்கு இன்னும் நேரமிருக்குத்தானே. தேத்தண்ணி?"

நான் கதிரையை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்தேன்.

"எனக்கு முன்னால எட்டுப் பேர்தான் எடுக்க இருக்கினம், அத்தான். உங்கட முறை திரும்ப வரப் பதினெட்டு ஆட்டக்காரரை எடுத்து முடியவேணும். கேத்தில் மேல இருக்கு. எனக்குச் சீனி குறைச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தான் மெதுவாக எழும்பிப் படியேறினார்.

மேலே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் கேட்டது.

"எனக்கும் ஒண்டு!"